யாருடைய அணி? மொன்றியல் கனேடியன்ஸும் பிரெஞ்சு அடையாளமும்

2011 டிசம்பர் 17 அன்று மொன்றியல் நகரின் ஐஸ் ஹாக்கி அணி தன் பயிற்சியாளரை நீக்கியது. அணி தோற்றால் பயிற்சியாளரின் பதவி போவது விளையாட்டு உலகில் வழக்கம்தான். ஆனால் இடைக்காலப் பயிற்சியாளராக வந்த ராண்டி கன்னிவொர்த்துக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும் என்பது பெரிய சர்ச்சையாயிற்று. கியூபெக் மாகாணத்தின் பண்பாட்டு அமைச்சரே இதுபற்றிப் பேசினார். புத்தாண்டு பிறந்ததும் அணியின் பொதுமேலாளர் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஜனவரி 7 அன்று பிரெஞ்சு மொழி ஆர்வலர்கள் அரங்கத்தின் வாசலில் கூடி ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள்.

தனியார் நிறுவனம் ஒன்றின் ஊழியர் என்ன மொழி பேசுகிறார் என்பதில் அமைச்சருக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி எழாத அளவுக்கு அந்த அணிக்கும் அந்த மாகாணத்துக்கும் உறவு இறுகியிருக்கிறது. அணியின் பெயர் மொன்றியல் கனேடியன்ஸ். 1909இல் தொடங்கியது, இன்று அது ஆடும் தேசிய ஹாக்கி லீக்கைவிட எட்டு வயது மூத்தது. இந்த விளையாட்டின் தலையாய பரிசான ஸ்டான்லி கோப்பையை 24 முறை வென்றிருக்கிறது. அடுத்த இடத்தில் இருக்கும் டொராண்டோவின் கணக்கு 13.

இந்த அணி எப்படிக் கியூபெக்கின் பிரெஞ்சு மக்களுடைய அணி ஆயிற்று என்ற கேள்விக்கு வழக்கமாக மூன்று பதில்கள் சொல்லப்படும். தொடக்கத்திலேயே அது பிரெஞ்சு அணியாகத்தான் பிறந்தது என்பது ஒன்று. மொரீஸ் ரிஷார் என்ற வீரரும் அவருக்காக வெடித்த கலவரமும்தான் காரணம் என்பது இன்னொன்று. வெற்றிமேல் வெற்றி பெற்ற அணியை எந்த ஊரும் சொந்தம் கொண்டாடும் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. எதிலும் முழு உண்மை இல்லை. அணியின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பிரெஞ்சு அடையாளத்தை முதலாளிகள் ஒரு விற்பனைச் சரக்காகத்தான் கொண்டுவந்தார்கள். அதை உண்மையாக்கச் சொல்லி அரை நூற்றாண்டு கழித்துக் கேட்டவர்கள் பார்வையாளர்கள்.

ஆங்கில முதலாளியின் பிரெஞ்சு அணி

கூரைக்கு அடியில், முன்னறிவிப்போடு ஒழுங்காக ஆடப்பட்ட முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் 1875 மார்ச் 3 அன்று மொன்றியலில்தான் நடந்தது. ஆடியவர்கள் ஆங்கிலம் பேசுபவர்கள். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விளையாட்டு அவர்களுடைய சங்கங்களின் கையில்தான் இருந்தது. நகரில் பெரும்பான்மையினரான பிரெஞ்சு மக்கள் மெல்லத்தான் உள்ளே வந்தார்கள். கத்தோலிக்கக் கல்லூரிகளில் கூடப் படித்த ஐரிஷ் மாணவர்கள்தான் அவர்களுக்கு வழி காட்டினார்கள்.

1909இல் மொன்றியலின் வாண்டரர்ஸ் அணியைப் புதிய உரிமையாளர் சிறிய அரங்கம் ஒன்றுக்கு மாற்றினார். அரங்கம் சிறிதானால் நுழைவுக் கட்டணத்தில் மற்ற அணிகளுக்குக் கிடைக்கும் பங்கும் சிறிதாகும். எனவே அவர்கள் வாண்டரர்ஸைக் கழற்றிவிட்டுத் தனி லீக் தொடங்கினார்கள். ஒண்டாரியோ மாகாணத்தின் ரென்ஃப்ரூ என்ற சிற்றூரிலிருந்து தன் அணிக்கு இடம் கேட்டு வந்த சுரங்க முதலாளி ஆம்ப்ரோஸ் ஓ'பிரையனையும் திருப்பி அனுப்பினார்கள். விலக்கப்பட்ட இரு தரப்பும் விண்ட்சர் ஹோட்டலில் சந்தித்தன. அங்கேயே போட்டி லீக் ஒன்று பிறந்தது. புதிய லீக்குக்குக் கூட்டம் வேண்டும். வாண்டரர்ஸுக்கு எதிராகப் பிரெஞ்சு வீரர்களைக் கொண்ட ஓர் அணியை இறக்கினால் நகரமே திரளும் என்ற யோசனையை வாண்டரர்ஸ் தரப்பின் ஜிம்மி கார்ட்னர் சொன்னதாகக் கூறுவார்கள். டிசம்பர் 4 அன்று ஓ'பிரையனின் பணத்தில் கனேடியன்ஸ் தொடங்கப்பட்டது. தக்க பிரெஞ்சு உரிமையாளர் கிடைத்ததும் அவரிடம் ஒப்படைப்பது என்பது ஏற்பாடு. எதிர்த்தரப்பு லீக்கும் சும்மா இருக்கவில்லை. அதுவும் ஒரு பிரெஞ்சு அணியை வைத்திருந்தது. இரண்டு தரப்பின் கண்ணும் ஒரே வாடிக்கையாளர்மேல்தான்.

அணியைத் திரட்டியவர் ஜாக் லாவியோலெத். அவரும் நியூஸி லலோந்தும் திதியே பீத்ரும் முதல் நட்சத்திரங்கள். இவர்களின் வேகத்தைக் கண்டு பத்திரிகைகள் 'பறக்கும் பிரெஞ்சுக்காரர்கள்' என்று எழுதின. இந்த மூவரில் லாவியோலெத்தும் லலோந்தும் ஒண்டாரியோவில் பிறந்தவர்கள். 1910 ஜனவரி 5 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் கோபால்ட் அணியை 7-6 என்று வென்றார்கள். சில நாட்களில் எதிர்த்தரப்பு லீக் கலைந்து, அதன் அணிகள் சில இங்கே வந்து சேர்ந்ததால் அட்டவணை புதிதாகப் போடப்பட்டது. அந்த வெற்றி கணக்கில் சேரவில்லை. முதல் பருவம் 2 வெற்றி, 10 தோல்வி என்று கடைசி இடத்தில் முடிந்தது.

பிரெஞ்சு வீரர்களுக்கு மட்டுமே இடம் என்ற தொடக்கக் கட்டுப்பாடும் சில ஆண்டுகளில் தளர்ந்தது. 1916இல் முதல் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அணியில் ஆங்கிலேய வீரர்களும் இருந்தார்கள். ஆனால் கோல்கம்பத்தில் நின்றவர் கியூபெக்கின் ஷிகூத்திமி ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் வெசினா. 1910இல் சேர்ந்த அவர் 1925 நவம்பர் 28 வரை ஓர் ஆட்டத்தையும் தவறவிடவில்லை. அன்று காய்ச்சலோடு பனித்தளத்தை விட்டு வெளியேறினார். நான்கு மாதத்தில் காசநோயால் இறந்தார். சிறந்த கோல்கீப்பருக்கான லீக்கின் விருது இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

1920களில் அணியின் நாயகன் ஹோவி மொரென்ஸ். ஒண்டாரியோவில் பிறந்த இவர் ஜெர்மானிய வழிவந்தவர். 'பறக்கும் பிரெஞ்சுக்காரர்' என்ற பட்டம் இவருக்கும் ஒட்டிக்கொண்டது. 1937 ஜனவரியில் ஆட்டத்தின்போது அவர் கால் முறிந்தது. மார்ச் 8 அன்று மருத்துவமனையிலேயே இறந்தார். மொன்றியல் ஃபோரம் அரங்கத்தின் நடுவே வைக்கப்பட்ட அவர் உடலுக்குப் பல்லாயிரம் பேர் அஞ்சலி செலுத்தினார்கள். இவர் பிரெஞ்சுக்காரரா இல்லையா என்று அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அந்த ஃபோரமே கனேடியன்ஸுக்காகக் கட்டப்பட்டதல்ல. 1924இல் ஆங்கில மக்களுக்காகத் தொடங்கிய மரூன்ஸ் என்ற அணியின் வீடு அது. கனேடியன்ஸ் 1926இல்தான் அங்கே நிரந்தரமாகக் குடிபுகுந்தது. பொருளாதார மந்தக் காலத்தில் இரண்டு அணிகளுக்கும் கூட்டம் குறைந்தது. 1935இல் மரூன்ஸின் உரிமையாளர்களே கனேடியன்ஸையும் வாங்கினார்கள். ஒரே கையில் இரண்டு அணி. ஊரோ ஒன்றைத்தான் தாங்கும். 1938இல் மூடப்பட்டது மரூன்ஸ். ஆங்கில முதலாளிகள் ஆங்கில அணியை மூடிவிட்டுப் பிரெஞ்சு அணியை வைத்துக்கொண்டதற்குக் காரணம் பெரும்பான்மையினரின் பணப்பையே. முப்பது ஆண்டு கழிந்தும் அணியின் பிரெஞ்சு முகம் வணிகக் கணக்காகவே இருந்தது.

ரிஷாரும் கேம்பெல்லும்

கணக்கு மாறியது மொரீஸ் ரிஷாரால். 1921இல் மொன்றியலில் பிறந்தவர். தந்தை கனேடியன் பசிபிக் ரயில்வேயின் பணிமனைத் தொழிலாளி. மகனும் இயந்திரத் தொழில் பழகியவர்தான். 1942இல் கனேடியன்ஸில் சேர்ந்தார். 1944-45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்தார். அதுவரை எவரும் செய்யாதது. 'ராக்கெட்' என்பது பட்டப்பெயர். பக் எனப்படும் ரப்பர் வட்டை வாங்கிக்கொண்டு கோலை நோக்கிப் பாயும்போது அவர் கண்கள் எரிந்ததைப் பற்றி எதிரணிக் கோல்கீப்பர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அவரை நிறுத்த எதிரணிகள் இழுத்தன, தள்ளின, மட்டையால் அடித்தன. அவரும் திருப்பி அடிக்கத் தயங்காதவர்.

அன்றைய மொன்றியலில் வங்கியும் ஆலையும் பெரிய கடைகளும் பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில் இருந்தன. வேலை கேட்பவர் பிரெஞ்சு பேசுபவர்; வேலை கொடுப்பவர் ஆங்கிலம் பேசுபவர். லீக்கின் தலைவரான கிளாரன்ஸ் கேம்பெல்லும் ஆங்கிலம் பேசும் வழக்கறிஞர், அலுவலகம் மொன்றியலிலேயே. 1954இல் ரிஷார் தன் பெயரில் வந்த வாரப்பத்திரிகைப் பத்தி ஒன்றில் கேம்பெல்லைச் சர்வாதிகாரி என்று சாடினார். லீக் அவரை மன்னிப்புக் கேட்கவைத்தது. பத்தியை நிறுத்தச் சொன்னது. நன்னடத்தைக்குப் பிணையாக 1,000 டாலரும் கட்டவைத்தது.

1955 மார்ச் 13 அன்று பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் எதிரணி வீரர் ஹால் லேகோவின் மட்டை பட்டு ரிஷாரின் தலையில் ரத்தம் வந்தது. ரிஷார் அவரைத் திருப்பி அடித்தார். தடுக்க வந்த துணைநடுவர்மேலும் குத்து விழுந்தது. மூன்று நாளில் கேம்பெல்லின் தீர்ப்பு வந்தது: பருவத்தின் மீதி ஆட்டங்களிலும் கோப்பைச் சுற்று முழுவதிலும் ஆடத் தடை. அணி முதலிடத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ரிஷாருக்கோ வாழ்நாளில் முதல்முறையாக வீரர்களின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

மார்ச் 17 மாலை டெட்ராய்டுடன் ஆட்டம். வரவேண்டாம் என்று பலர் சொல்லியும் கேம்பெல் வந்தார். ஆட்டம் தொடங்கிய பிறகு அவர் தன் வழக்கமான இருக்கையில் போய் உட்கார்ந்ததும் முட்டை, தக்காளி, ரப்பர் காலணி என்று கைக்குக் கிடைத்தது எல்லாம் பறந்தது. கைகுலுக்குவதுபோல நெருங்கிய ஒருவன் அவரை அடித்தான். முதல் பகுதி முடிந்தபோது டெட்ராய்ட் 4-1 என்று முன்னணியில் இருந்தது. அந்நேரத்தில் கேம்பெல் உட்கார்ந்திருந்த பக்கத்தில் கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று வெடித்தது. தீயணைப்புத் தலைவர் அரங்கத்தைக் காலிசெய்ய உத்தரவிட்டார். வெற்றி டெட்ராய்டுக்கு என்று எழுதப்பட்டது. வெளியே வந்த கூட்டம் செயின்ட் கேதரின் வீதியில் கடைக் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டே போனது. சேதம் 100,000 டாலர் என்று மதிப்பிடப்பட்டது. மறுநாள் ரிஷார் வானொலியில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசினார்: தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன், அமைதி காக்கவேண்டும், அடுத்த ஆண்டு திரும்பி வந்து கோப்பையை வெல்ல உதவுவேன் என்றார். ஊர் அடங்கியது.

கலவரத்துக்கு என்ன பொருள்?

நான்கு நாள் கழித்து, லெ துவார் நாளேட்டில் ஆந்த்ரே லோராந்தோ எழுதிய கட்டுரை இந்தக் கலவரத்தை ஹாக்கி ரசிகர்களின் கோபமாகப் பார்க்கவில்லை. பிரெஞ்சுக் கனடியரின் தேசிய உணர்வே ஹாக்கியின் வடிவில் வெளிப்பட்டது என்பது அவர் வாதம். 1960க்குப் பிறகு கியூபெக்கில் மின்சாரம் அரசுடைமையாகி, பள்ளிகள் திருச்சபையின் பிடியிலிருந்து விடுபட்டு, பிரெஞ்சு மக்கள் தங்கள் மாகாணத்தைத் தாங்களே ஆளத் தொடங்கிய மாற்றத்தை 'அமைதிப் புரட்சி' என்பார்கள். அதற்கு 1955 மார்ச் 17தான் முன்னோட்டம் என்ற கருத்து லோராந்தோவின் வழியிலேயே வேரூன்றியது. 1963இல் மத்திய அரசு அமைத்த இருமொழி ஆணையத்துக்கு இணைத் தலைவராக இருந்தவரும் இதே லோராந்தோதான். கியூபெக்கின் 14 இனவழிப் பிரிவினரில் சராசரி வருமானத்தில் பிரெஞ்சு மக்கள் 12ஆவது இடத்தில் இருந்தார்கள் என்பதைப் புள்ளிவிவரத்தோடு காட்டியது அந்த ஆணையம். கண்ணாடி உடைத்த கோபத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதற்கு அந்த எண் ஒரு சான்று.

மறுதரப்பும் உண்டு. ரிஷாரைப் பற்றிய எழுத்து, படம், பாட்டு, விளம்பரம் எல்லாவற்றையும் திரட்டி ஆராய்ந்த மொன்றியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெனுவா மெலான்சோன், நிகழ்ந்ததையும் பின்னாளில் அதன்மேல் ஏற்றப்பட்ட பொருளையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்கிறார். கலவரக்காரர்கள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள் அல்லர். ரிஷாரும் தன்னை அரசியல் தலைவராக ஒருபோதும் காட்டிக்கொண்டதில்லை. தான் ஒரு ஹாக்கி வீரன் மட்டுமே என்பதே அவர் நிலை. அந்தப் பருவத்தில் ரிஷாரை ஒரு புள்ளியில் முந்திய பெர்னார் ஜெஃப்ரியோனும் அதே அணிக்காரர், பிரெஞ்சுக்காரர். அவரைச் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு அவமதித்தார்கள். மொழிப்பற்று மட்டுமே காரணம் என்றால் இதை விளக்க முடியாது.

என் பார்வையில் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அன்றிரவு கூடியவர்கள் என்ன நினைத்துக் கண்ணாடி உடைத்தார்கள் என்பதைவிட, அதற்குப் பிறகு கியூபெக் மக்கள் அதை என்னவாக நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதே அணியின் வரலாற்றை மாற்றியது. அதுவரை முதலாளி விற்ற அடையாளம். இனி மக்கள் கணக்குக் கேட்கும் அடையாளம்.

இந்த நினைவைப் பரப்பியதில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பெரிய பங்கு உண்டு. 1952 அக்டோபர் 11 அன்று ஃபோரத்திலிருந்து முதல் பிரெஞ்சு நேரலை ஒளிபரப்பானது. வர்ணனையாளர் ரெனே லெக்கவாலியே, அதுவரை ஆங்கிலத்திலேயே புழங்கிய ஆட்டச் சொற்களுக்குப் பிரெஞ்சில் சொல் கண்டு பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சனிக்கிழமை இரவானால் சிற்றூர்களிலும் வீடுகள் தொலைக்காட்சி முன் கூடின. அந்தச் சிற்றூர்ப் பிள்ளைகளின் கதையை ரோக் காரியே 1979இல் எழுதினார். ஊர்ப் பையன்கள் எல்லோரும் ரிஷாரின் 9ஆம் எண் சட்டை போட்டிருக்க, ஒரு பையனுக்கு மட்டும் அஞ்சலில் தவறாக டொராண்டோ அணியின் சட்டை வந்து சேர்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஆடப் போகும் அவனுக்கு நேரும் அவமானம்தான் கதை. கனடாவின் ஆங்கில வாசகர்களும் அதைத் தங்கள் கதையாக ஏற்றுக்கொண்டார்கள். 2002இல் வெளிவந்த ஐந்து டாலர் நோட்டின் பின்புறத்தில் அந்தக் கதையின் வரிகள் இரு மொழியிலும் அச்சாயின. பக்கத்தில் பனியில் ஹாக்கி ஆடும் குழந்தைகள். கியூபெக்கின் தனித்துவத்துக்கு அடையாளமான அணியே கனடாவின் பணத்தாளிலும் இடம்பிடித்தது.

வெற்றியும் அதன் கட்டுக்கதையும்

ரிஷார் வாக்குத் தவறவில்லை. 1956 முதல் 1960 வரை கனேடியன்ஸ் தொடர்ந்து ஐந்து கோப்பை வென்றது; அதற்கு முன்னும் பின்னும் எந்த அணியும் அதைச் செய்ததில்லை. ஜான் பெலிவோ, டக் ஹார்வி, ரிஷாரின் தம்பி ஆன்ரி, கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் எல்லோரும் ஒரே அணியில். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் பக் முகத்தில் பட்டுத் தையல் போட்டுக்கொண்ட பிளான்ட், முகமூடி இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று பயிற்சியாளரிடம் அடம்பிடித்தார். கோல்கீப்பர்கள் முகமூடி அணியும் வழக்கம் அங்கிருந்துதான் பரவியது. இந்த அணிக்காக விதியே மாறிற்று. அதுவரை தண்டனை பெற்ற வீரர் எத்தனை கோல் விழுந்தாலும் இரண்டு நிமிடம் வெளியே இருக்கவேண்டும். எதிரணியில் ஆள் குறைந்த நேரத்தில் கனேடியன்ஸ் கோல்களைக் குவித்ததால், 1956இலிருந்து ஒரு கோல் விழுந்ததும் அவர் திரும்பலாம் என்று லீக் மாற்றியது.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் ஒரு சலுகை இருந்தது என்ற குற்றச்சாட்டு கனடாவின் மற்ற ஊர்களில் இன்றும் கேட்கும். கியூபெக்கின் பிரெஞ்சு வீரர்களில் முதல் இருவரை வேறு எவருக்கும் முன் எடுத்துக்கொள்ளும் உரிமை கனேடியன்ஸுக்கு இருந்ததே காரணம் என்பார்கள். அப்படி ஒரு விதி இருந்தது உண்மை. ஆனால் அது பலித்தது, அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுத்துக்கொள்ளும் ஆண்டுத் தேர்வில், 1968இலும் 1969இலும்தான். 1969இல் ரெஜான் ஊல், மார்க் தார்திஃப் இருவரும் அப்படி வந்தவர்கள். ரிஷார், பெலிவோ, பிளான்ட் எவரும் அந்த வழியில் வரவில்லை.

உண்மையான காரணம் ஃபிராங்க் செல்கி. 1946இல் டொராண்டோவிலிருந்து வந்த இந்தப் பொதுமேலாளர், நாடெங்கும் இளையோர் அணிகளைப் பணம் கொடுத்துத் தன் அணியோடு இணைத்தார். சிறுவர்களைப் பதினான்கு, பதினைந்து வயதிலேயே கண்டுகொள்ளும் வலை அது. பெலிவோ கியூபெக் நகரில் அமெச்சூர் லீக்கில் ஆடிக்கொண்டு வர மறுத்தபோது, அந்த லீக்கையே வாங்கித் தொழில்முறை லீக் ஆக்கி அவரை வரவைத்தார்கள். செல்கிக்குப் பின் வந்த சாம் போலக்கும் அதே கணக்கில் கைதேர்ந்தவர். கலிஃபோர்னியா அணியின் 1971 முதல் தேர்வை முன்கூட்டியே வாங்கி வைத்தார். கடைசி இடத்து அணிக்கே தேர்வில் முதல் வாய்ப்பு என்பதால், அந்த அணி கடைசி இடத்துக்குப் போனால்தான் அந்த வாங்கலுக்குப் பலன். போட்டியாகக் கீழே போய்க்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலஸுக்குத் தன் வீரர் ஒருவரைக் கொடுத்து அதைத் தூக்கிவிட்டார். அப்படிக் கிடைத்தவர் கீ லஃப்ளர். 1976 முதல் 1979 வரை நான்கு கோப்பை. 1976-77 பருவத்தில் 80 ஆட்டங்களில் தோல்வி எட்டே எட்டு.

வெற்றிதான் அடையாளத்தைத் தந்தது என்ற மூன்றாவது பதிலை இங்கே எடைபோடலாம். வெற்றி அன்பைப் பெருக்கியது. ஆனால் வெற்றி நின்ற பிறகும் அன்பு நிற்கவில்லை. 1993க்குப் பிறகு கனேடியன்ஸுக்குக் கோப்பை இல்லை. கனடாவின் எந்த அணிக்கும் 2025 வரை இல்லை. ஆயினும் 21,000 பேர் அமரும் பெல் சென்டர் அரங்கம் தோற்கும் பருவங்களிலும் நிரம்புகிறது.

எதிரே இன்னொரு பிரெஞ்சு அணி

1979இல் கியூபெக் நகரின் நோர்டீக் அணி லீக்கில் சேர்ந்தபோது பிரெஞ்சு அடையாளம் கனேடியன்ஸின் ஏகபோகமாக இல்லாமல் போனது. மாகாணக் கொடியின் நீலமும் அல்லி முத்திரையும் நோர்டீக் சட்டையிலேயே இருந்தன. இரண்டு ஆண்டுக்கு முன்புதான், 1977இல், மாகாணத்தின் ஆட்சிமொழியான பிரெஞ்சின் இடத்தை வலுப்படுத்தும் சட்டம் வந்திருந்தது. 1980இல் கனடாவிலிருந்து பிரிவது பற்றிய வாக்கெடுப்பு நடந்தது. இந்தச் சூழலில் நோர்டீக் தேசியவாதிகளின் அணி, கனேடியன்ஸ் பழைய மொன்றியல் முதலாளிகளின் அணி என்று பேச்சு எழுந்தது. இரண்டு அணிகளுக்கும் பின்னால் போட்டி போட்ட இரண்டு பீர் நிறுவனங்கள் இருந்ததால் வம்பு மதுக்கடை வரை போனது. 1984 ஏப்ரல் 20, புனித வெள்ளி அன்று ஃபோரத்தில் இரண்டு அணிகளும் ஆட்டத்தை மறந்து கும்பலாக அடித்துக்கொண்டதை மாகாணம் இன்னும் மறக்கவில்லை.

1995இல் நோர்டீக் கடனைத் தாங்க முடியாமல் அமெரிக்காவின் டென்வருக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, டெட்ராய்டிடம் 11-1 என்று தோற்ற ஆட்டத்தில் ஒன்பது கோல் விழும்வரை வெளியே அழைக்கப்படாத கோல்கீப்பர் பத்ரிக் ருவா, இதுதான் மொன்றியலில் தன் கடைசி ஆட்டம் என்று அணி நிறுவனத்தின் தலைவரின் முகத்துக்கு நேரே சொன்னார். நான்கே நாளில் அவர் போய்ச் சேர்ந்த இடம் டென்வர். ஆறு மாதத்தில் அங்கே கோப்பை வென்றார். மாகாணத்தில் மிஞ்சியது ஒரே அணி. எதிராளி இல்லாமற்போனதும் கியூபெக்கின் மொழிக்கவலை முழுவதும் அந்த ஒரே அணியின் தோளில் ஏறியது.

பயிற்சியாளரின் மொழி

அடையாளம் எப்படி மாறியது என்பதை அளக்கச் சிறந்த அளவுகோல் பயிற்சியாளரின் நாற்காலி. 1940 முதல் 1955 வரை பதினைந்து ஆண்டு பயிற்சியாளராக இருந்தவர் டிக் எர்வின். மேற்குக் கனடாவில் வளர்ந்த ஆங்கிலேயர். ரிஷாரை வளர்த்தவரும் அவர்தான். அவருக்குப் பிரெஞ்சு வராது என்பதற்காக எந்த அமைச்சரும் பேசவில்லை, யாரும் வாசலில் கொடி பிடிக்கவில்லை.

1971இல் நிலைமை வேறு. ஆங்கிலம் மட்டுமே பேசிய அல் மக்நீல் பயிற்சியாளர். இறுதித் தொடரின் நடுவில் தன்னை உட்காரவைத்ததால் கொதித்த ஆன்ரி ரிஷார், பத்திரிகையாளர் முன்னே அவரைத் திறமையற்றவர் என்றார். சர்ச்சை உடனே மொழிப் பிரச்சினையாயிற்று. மக்நீலுக்குக் கொலை மிரட்டல் வந்தது. ஏழாவது ஆட்டத்தில் அதே ஆன்ரி வெற்றிக் கோல் அடித்தார், கோப்பை கிடைத்தது. கோப்பை வென்ற பயிற்சியாளர் அடுத்த பருவத்தில் துணை அணிக்கு அனுப்பப்பட்டார். அவர் இடத்துக்கு மொன்றியல்காரரும் இரு மொழியும் பேசுபவருமான ஸ்காட்டி போமன் வந்தார்.

2011இல் கன்னிவொர்த்துக்கு நேர்ந்தது அதன் தொடர்ச்சியே. நிரந்தரப் பயிற்சியாளர் இரு மொழியும் பேசுபவராக இருப்பார் என்று உரிமையாளர் ஜெஃப் மோல்சன் உறுதி கொடுத்தார். இதை எழுதாத சட்டம் என்றே சொல்லலாம். 1909இல் முதலாளி சொன்னது 'பிரெஞ்சு வீரர்கள் ஆடுவார்கள், வந்து பாருங்கள்' என்பது. ஒரு நூற்றாண்டு கழித்துப் பார்வையாளர் சொல்வது 'எங்கள் மொழியில் எங்களுக்குப் பதில் சொல்' என்பது. தோல்விக்குப் பிறகு தினமும் மேடையேறி விளக்கம் சொல்பவர் பயிற்சியாளர்தான். ஆகவே கேள்வி அவரிடம் போய் நின்றது.

இந்தக் கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படுவதையும் ஒதுக்க முடியாது. இரு மொழி தெரிந்த பயிற்சியாளர்கள் குறைவு. மொழியைப் பார்த்து ஆள் எடுத்தால் திறமை இரண்டாம் இடத்துக்குப் போகும் என்கிறார்கள். 1993க்குப் பின் கோப்பை இல்லாததற்கு இதையே காரணமாகக் காட்டுபவர்களும் உண்டு. ஆனால் மொழி நிபந்தனை ஏதும் இல்லாத டொராண்டோ கடைசியாகக் கோப்பை வென்றது 1967இல். இந்த ஒன்றை வைத்தே அந்த வாதத்தின் பலத்தை அளந்துவிடலாம்.

வீரர்கள் யார்?

பயிற்சியாளர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காத ரசிகர்கள், வீரர்கள் விஷயத்தில் வெகுதூரம் நகர்ந்திருக்கிறார்கள். பத்து ஆண்டு அணித்தலைவராக இருந்த சாக்கு கோய்வு ஃபின்லாந்துக்காரர். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து 2002 ஏப்ரலில் அவர் திரும்பியபோது அரங்கமே எழுந்து நின்று ஓயாமல் கைதட்டியது. ஆனாலும் பிரெஞ்சு பேசவில்லை என்ற குறை அவர்மேலும் பின்னாளில் வந்தது. கரீபியன் வழிவந்த பெற்றோருக்கு டொராண்டோவில் பிறந்த பி.கே. சுபான், 2015இல் மொன்றியல் குழந்தைகள் மருத்துவமனைக்கு 1 கோடி டாலர் திரட்டித் தருவதாக உறுதியளித்தார். அடுத்த ஆண்டே அவரை வேறு அணிக்கு மாற்றிக்கொடுத்தபோது நகரம் கொந்தளித்தது. அணியின் வரலாற்றில் மிக அதிக வெற்றி பெற்ற கோல்கீப்பர் கேரி பிரைஸ், கனடாவின் மேற்குக் கரை மாகாணத்தில் வளர்ந்த பழங்குடித் தாயின் மகன்.

2021 மே 10 அன்று எட்மண்டனுக்கு எதிராக இறங்கிய கனேடியன்ஸ் அணியில் கியூபெக்கில் பிறந்த வீரர் ஒருவரும் இல்லை. அணி தொடங்கிய நாளிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல்முறை. அன்று கலவரம் இல்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் மாகாண முதல்வர் பிரான்சுவா லெகோ, கியூபெக்கில் ஹாக்கி ஏன் தேய்கிறது என்று ஆராய முன்னாள் கோல்கீப்பர் மார்க் டெனி தலைமையில் குழு அமைத்தார். உபகரணமும் பனித்தள வாடகையும் விலையேறி, ஆட்டம் நடுத்தரக் குடும்பங்களின் கையை மீறிக்கொண்டிருப்பதை எல்லோரும் அறிவார்கள். இளைஞர்களை வளர்த்த செல்கியின் வலை, அனைத்து அணிகளுக்கும் பொதுவான தேர்வு முறை வந்தபோதே அறுந்துவிட்டது. ஆக, 'நம் பையன்கள்' குறைந்ததற்கு அணி மட்டும் பொறுப்பல்ல.

கியூபெக்கே மாறியிருக்கிறது. 1977 சட்டம் குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. 1980களில் இலங்கையிலிருந்து மொன்றியல் வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அப்படிப் படித்தவர்களே. பரம்பரையாகப் பிரெஞ்சுக்காரர், மொழியால் பிரெஞ்சுக்காரர் என்ற இரண்டும் இன்று ஒன்றல்ல. அணியும் அதே திசையில்தான் போகிறது. 2022 பிப்ரவரியில் பயிற்சியாளரான மார்ட்டின் சான் லூயி, மொன்றியலை அடுத்த லாவால்காரர், பிரெஞ்சு தாய்மொழியினர். அதே ஆண்டு செப்டம்பரில் 23 வயதில் அணித்தலைவரான நிக் சுசுகி, ஜப்பானிய வம்சாவழித் தந்தைக்கு ஒண்டாரியோவில் பிறந்தவர். பிரெஞ்சு கற்றுக்கொள்ளத் தொடங்கினார். அவர் பெயரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. மொழியைத்தான் எதிர்பார்த்தார்கள்.

முடிவாக

கனேடியன்ஸ் பிறப்பால் பிரெஞ்சு அணி என்பது பாதிக் கதை. அதைப் பிறப்பித்தவர்கள் நுழைவுச்சீட்டுக் கணக்குப் போட்ட ஆங்கில முதலாளிகள். அதன் முதல் 'பிரெஞ்சு' நாயகர்களில் சிலர் கியூபெக்குக்கு வெளியே பிறந்தவர்கள், ஒருவர் ஜெர்மானிய வழியினர். ரிஷார் தனி ஒருவராக அதை மாற்றவில்லை. அவரை வைத்து மக்கள் மாற்றினார்கள். வெற்றி அதைக் கட்டவில்லை. வெற்றி போன பிறகும் அது நிற்கிறது.

தொழில்முறை விளையாட்டில் அணியின் பெயரும் சின்னமும் சட்டப்படி உரிமையாளரின் சொத்து. நினைத்த நாளில் அவற்றை வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம் என்பதற்கு நோர்டீக்கே சாட்சி. மொன்றியலில் ஒரு பயிற்சியாளரை நியமிப்பதற்குக்கூட உரிமையாளர் மக்களுக்கு விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. அணி அவருடையது, அடையாளம் அவருடையதல்ல என்பதே இதன் பொருள். அந்த அடையாளத்தைக் காப்பாற்றவேண்டிய இடம் பயிற்சியாளரின் நாற்காலி மட்டும் அல்ல. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எட்டும் விலையில் பனித்தளமும் சறுக்குக் காலணியும் கிடைக்க வழிசெய்யாமல், பயிற்சியாளர் பிரெஞ்சில் பேசுவதோடு கியூபெக் திருப்தியடைந்தால், நாளைக்கு அந்த மொழியில் விளக்கம் சொல்ல ஆள் இருப்பார். அந்த மண்ணிலிருந்து ஆட ஆள் இருக்கமாட்டார்.